சகலையின் இடுப்பில் ஒலித்த போன்

போன வாரம் என் கொழுந்தியாள் மணி ஒரு முட்டை அட்டையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். நாமக்கல்லில் முட்டை அட்டை இல்லாத வீடு இருக்காது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். முட்டை தீர்ந்ததும் அட்டைக்கு இரண்டாம் பிழைப்பு தொடங்கிவிடும். சட்டைப் பொத்தான், ஊசி, மாத்திரை, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி எல்லாம் அந்தக் குழிகளில் குடியேறும். மணியின் அட்டையில் சுருட்டி வைத்த சார்ஜர்கள், பழைய சிம் கார்டுகள், மூடி இல்லாத ஒரு டார்ச். நடுவில் கறுப்பு ரெக்ஸின் உறைக்குள் ஒரு போன்.

"மாமா, அவரோட சாமானெல்லாம் ஒதுங்க வெச்சுட்டிருக்கேனுங்க. இதைய வீசறதுக்கு மனசு வரல. உங்களுக்குத்தான் இதெல்லாம் வெளங்கும், வெச்சுக்கோங்க" என்றாள்.

அவள் உள்ளே போனதும் உறையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காயெண்ணெய், வேர்வை, அதற்கெல்லாம் அடியில் கோழித் தீவனத்தின் கருவாட்டு வாடை. என் சகலை தங்கராசு வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் அந்த வாடைதான் முதலில் நுழையும். அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வாடை இன்னும் உறையைவிட்டுப் போகவில்லை.

'அவர்' என்று எழுதுகிறேன். அவர் உயிரோடு இருந்தவரை வாயில் 'வாங்க சகலை' என்றும் மனசுக்குள் 'அவன்' என்றும்தான் வைத்திருந்தேன். என்னைவிட வயதில் இளையவர், படிப்பிலும் இளையவர் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், எனக்கு அவர்மேல் பொறாமை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுபதைத் தாண்டியாகிவிட்டது. இனிமேல் நல்லவனாகத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

சகலை என்பது விசித்திரமான உறவு. முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள், ஒரே வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்காக, ஆயுள் முழுக்க ஒரே தராசின் இரண்டு தட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். மாமனார் வீட்டில் ஆட்டுக்கறி சமைத்தால் ஈரல் யார் இலையில் அதிகம் விழுகிறது என்று நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் சொல்லிக்கொடுக்கிற ஆள், ஈரலைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் ஊராரிடம் என்னைக் காட்டி, "மூத்த மாப்பிள்ளை புரபசருங்க" என்று பெருமைப்படுவார். ஆனால் கிணற்று மோட்டார் நின்றாலும் பல்வலி வந்தாலும் கூப்பிட்டு அனுப்புவது சின்ன மாப்பிள்ளையைத்தான். அந்தச் சின்ன மாப்பிள்ளை பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் தவறியவர். பண்ணைகளில் முட்டை எடுத்து லாரியில் கேரளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் மணிக்கும் பிள்ளை இல்லை. வைத்திருந்த ஆசையை எல்லாம் என் ஒரே மகள் கவிதாமேல் கொட்டினார்.

பண்ணைக்குப் போய்விட்டு வரும்போது இரட்டைக்கரு முட்டைகளாகப் பார்த்துப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். வாசலிலேயே, "சாமி, இங்க வா. உனக்கு ரெண்டு சூரியன் கொண்டாந்திருக்கேன்" என்பார். நான் அவளுக்கு ஆறாம் வகுப்பிலேயே ஓம் விதி சொல்லிக்கொடுத்தேன். இரண்டில் எது ஒரு பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மொபைல் போன் எங்கள் பக்கம் பரவத் தொடங்கிய காலத்தில் அது இரண்டு வகையாக வந்தது. ஜி.எஸ்.எம். என்பது ஒன்று. அதில் சிம் கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ளலாம். சி.டி.எம்.ஏ. என்பது மற்றொன்று. அதில் பெரும்பாலும் எண் போனின் வயிற்றுக்குள்ளேயே குடியிருக்கும், கழற்ற முடியாது. இந்த வகைப் போனுக்கு அந்த வகைக் கோபுரம் கண்ணுக்கே தெரியாது. கோபுரங்கள் பக்கத்துப் பக்கத்து மொட்டைமாடியில் நின்றாலும் சரி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. வெளிமாநிலம் போனால் தன் வகைக் கோபுரம் இருந்தால்தான் பேச்சு. இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் டப்பா.

வகுப்பில் இதை விளக்க என்னிடம் ஓர் உதாரணம் இருந்தது. முதல் வகை பஞ்சாயத்துக் கூட்டம், ஆளுக்கொரு முறைவைத்துப் பேசுவார்கள். இரண்டாவது வகை மாட்டுச் சந்தை. தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள் அல்லவா? சந்தையில் எல்லாரும் ஒரே நேரத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் துண்டுக்குள் கைவிட்ட இரண்டு பேருக்கு மட்டும்தான் அது விளங்கும். பஞ்சாயத்துக்காரனைச் சந்தையில் விட்டால் ஊமை. மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்த உதாரணத்தில் நிரம்பப் பெருமை. ஒருமுறை சகலையிடமும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப ரெண்டு பேச்சுந் தெரிஞ்ச ஒருத்தன் இருந்தா நெம்ப சௌரியமுங்களே சகலை" என்றார். படிக்காதவன் பேச்சு என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

என்னிடம் இருந்தது முதல் வகை, அவரிடம் இரண்டாவது வகை. எங்கள் வீடு கோட்டை மலைக்குப் பின்புறம் இருக்கிறது. நாமக்கல் மலை ஒரே கல். அந்தக் கல்லின் மறைவில் என் போனுக்கு ஒரு சிக்னல் கோடுகூட வராது. சகலையின் கம்பெனிக் கோபுரம் எங்கள் பக்கமாகவே நின்றது. என் வீட்டு முற்றத்தில் அவர் போன் கோடுகள் நிறைந்து சிரிக்கும். வீட்டில் பழைய கம்பி போன் ஒன்று இருந்தது. மழை பெய்தால் அதற்குச் சளி பிடித்துக்கொள்ளும் என்றாலும் பேசலாம். புது மொபைல் வாங்கிய மிதப்பில் அதை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அலைபேசித் தொழில்நுட்பம் கற்பிக்கிறவன் வீட்டில் எந்தப் போனும் அடிக்காமல் ஆன கதை இதுதான்.

அந்தச் சமயத்தில்தான் கவிதா மேல்படிப்புக்கு அமெரிக்கா போனாள். படிப்பு முடிந்து அங்கேயே ஓர் ஆய்வகத்தில் வேலையும் கிடைத்தது. அவள் புறப்படும்போது சகலை ஒரு யோசனை சொன்னார். முட்டை லாரி டிரைவர்கள் கேரள எல்லையில் வாளையாறு தாண்டியதும் முதலாளிக்கு ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவார்கள். வெளிமாநிலத்தில் போனை எடுத்தால் இரண்டு பக்கமும் காசு போகும் என்பதால் எடுக்காமலேயே சேதி சொல்லும் முறை அது. "சாமி, நம்ம டிரைவருக மாதிரி நீயும் ஒரு ரிங்கு உட்டுட்டு வெச்சிரு. நான் உங்கூட்டுக்குப் போயி நின்னுக்கறேன். பொறவு கூப்புடு. உங்கம்மா உடனே எடுத்துக்கும், போன் கார்டுக் காசு வீணாப் போகாது."

அப்படியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இடுப்பில் ஒரு ரிங் அடித்து நிற்கும். உடனே பைக்கை எடுப்பார். அந்த வண்டியின் சைலன்சரில் ஓட்டை. தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் தெரிந்துவிடும். என் மனைவி சரசு கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, தலையைக் கோதிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். மகளின் குரலுக்காக ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் இன்னொருவர் வண்டிச் சத்தத்துக்கு என் மனைவி முகம் மலர்வதைப் பார்த்துக்கொண்டு செய்தித்தாளில் முகத்தை வைத்திருப்பது சுலபமான வேலை இல்லை.

போன் அடித்ததும் சகலைதான் எடுப்பார். "சாமி, சாப்டியா? குளுரு எப்படிப்பா இருக்குது? செரி, இரு, அம்மாகிட்டக் குடுக்கறேன்." அப்புறம் சரசு. அழுகை, சிரிப்பு, ரசப்பொடி. கடைசியில் போன் என்னிடம் வரும். இரண்டு காதுகளின் சூட்டோடும் கருவாட்டு வாடையோடும் வரும். "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்பாள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் கார்டு தீரப்போகிறது என்று ஓர் இங்கிலீஷ்காரி குறுக்கே சொல்லுவாள். எனக்குக் கிடைப்பது கால் நிமிஷம்.

நான் சும்மா இருக்கவில்லை. என் போனை மூங்கில் கழியில் கட்டி மொட்டைமாடியில் நிறுத்திப் பார்த்தேன். துணிக் கம்பியில் க்ளிப் போட்டுத் தொங்கவிட்டேன். ஒருநாள் அப்படித் தொங்கும்போது அடித்தது. லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறி ஓடினேன். புது ரிங்டோன் வேண்டுமா என்று கேட்டார்கள். சரசு கீழேயிருந்து, "யாருங்க, கவிதாவா?" என்றாள். "ராங் நம்பர்" என்றேன்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் என் போன் நன்றாகவே எடுக்கும். அந்த எண் கவிதாவிடம் இருந்தது. பகலெல்லாம் நான் அங்கேதான் இருந்தேன். ஒருநாளும் அவள் அதற்குக் கூப்பிட்டதில்லை. இரண்டு நாட்டு நேரமும் ஒத்துவராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எல்லாப் பழியையும் மலைமேல் போட்டு வைத்திருந்தேன்.

அப்புறம் சகலைக்கு அந்தப் போன் வந்தது. இப்போது என் மேசைமேல் இருக்கிறதே, இதுதான். அவர் மஸ்கட்டுக்கு முட்டை அனுப்பத் தொடங்கியிருந்தார். அங்கிருந்த வியாபாரி ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தனுப்பினாராம். கொரியாவில் செய்தது. ஒரே போனுக்குள் இரண்டு வகையும் இருந்தன. இங்கே சி.டி.எம்.ஏ., வெளிநாடு போனால் ஜி.எஸ்.எம்., எண் மட்டும் மாறாது. பஞ்சாயத்திலும் பேசும், சந்தையிலும் விரல் பிடிக்கும். அவர் கேட்ட அந்த 'ரெண்டு பேச்சுந் தெரிஞ்ச ஒருத்தன்' அவர் இடுப்பிலேயே வந்து உட்கார்ந்துவிட்டான்.

மாமனார் ஊரில் கிடாவெட்டு நடந்தபோது சொந்தக்காரர்கள் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். மாமனார் என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, இது என்னமோ ரெண்டு கம்பிலயும் ஓடுமாமா? நீங்கதான் படிச்சவிய, எல்லாத்துக்கும் வெளங்கறாப்பல சொல்லுங்க" என்றார். என் சகலையின் போன் எவ்வளவு உயர்ந்தது என்று பந்தலில் நின்று நானே பாடம் நடத்தினேன். பந்தியில் ஈரல் எனக்குத்தான் அதிகம் விழுந்தது. அன்று அது ருசிக்கவில்லை.

சில மாதம் கழித்து அவர் மஸ்கட் புறப்பட்டார். முதல் விமானப் பயணம். முந்தின நாள் மத்தியானம் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சகலை, அங்க எறங்குனதும் இதுல எதாச்சும் மாத்தோணுமுங்களா? கம்பெனிக்காரன் இங்கிலீசுல என்னமோ சொன்னான், எனக்குப் புரியல. கவிதா எந்நேரம் கூப்புடுமோ தெரியாது, அதுக்குத்தான் கேக்கறேன்."

வாங்கிப் பார்த்தேன். அந்த மாடலில் 'தானியங்கி' என்று ஒன்று உண்டு. ஆனால் அது ஒரே வகைக்குள் கோபுரம் விட்டுக் கோபுரம் தாவுமே தவிர, வகை விட்டு வகை தாவாது. பட்டியலுக்குள் போய் ஜி.எஸ்.எம். என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தால்கூடப் போதும். அந்த வரி என் கட்டைவிரலுக்குக் கீழே தெரிந்தது.

"ஒண்ணும் வேண்டாம். அதுவே புடிச்சுக்கும்" என்றேன்.

"நீங்க சொன்னாச் செரிதானுங்க" என்று வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவருக்கு நஷ்டம் வர வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு அந்த இடுப்பு ஊமையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கவிதா ரிங் விட்டுப் பார்ப்பாள், போகாது. வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிடுவாள். என் ஆசை அவ்வளவுதான்.

அந்த ஆசை அப்படியே நிறைவேறியது.

காலை முதல் வகுப்பு முடிந்து தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் சாக்பீஸ் தூள். சட்டைப் பையில் போன் அடித்தது. திரையில் நீளமான எண். என்னோடு வந்தவர்களிடம், "மகள்... அமெரிக்காவிலிருந்து" என்று, கேட்காமலே சொன்னேன். அந்த நொடியில் இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

"கவிதா, சொல்லும்மா!"

"அப்பா, சித்தப்பா எங்கப்பா? ரெண்டு நாளா ரிங் உடறேன், போகவே மாட்டேங்குது."

முதல் வார்த்தையே அது. 'நல்லா இருக்கீங்களா' கூட இல்லை.

"மஸ்கட் போயிருக்கறான். என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லப்பா. அவர்கிட்டத்தான் பேசோணும். எப்ப வருவாரு? அங்க நம்பர் ஏதாச்சும் இருக்குதா?"

"எங்கிட்டச் சொல்லக்கூடாதா? நான் உனக்கு யாரு?"

கார்டு தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னாள். ஆய்வகத்தில் கூட வேலை செய்கிற பையன், இளங்கோ என்று பெயர். ஆத்தூர்க்காரன். "நம்ம ஆளுங்க இல்லப்பா." அவன் வீட்டில் அடுத்த வாரம் வேறு இடத்தில் உறுதி செய்வதற்கு நாள் பார்த்துவிட்டார்களாம். இங்கேயிருந்து பெரியவர்கள் யாராவது ஒரு வார்த்தை பேசினால் அவர்கள் நிறுத்தி வைப்பார்களாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சித்தப்பாவைத் தேடியிருக்கிறாள்.

எங்கள் வீட்டிலிருந்து ஆத்தூர் ராசிபுரம் வழியாகப் போனால் அரைப் பொழுதுப் பயணம்கூட இல்லை. இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு உலகத்தைச் சுற்ற வேண்டியிருந்தது. இப்போது அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது. அன்று வேறொன்றுதான் காதில் விழுந்தது.

"உங்க சித்தப்பனுக்கு இது தெரியுமா?"

"அவருக்கு ஆரம்பத்துலயே தெரியும்ப்பா. அவர் வந்து உங்ககிட்டப் பக்குவமாச் சொல்றேன்னு..."

ஆரம்பத்திலேயே. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வாசலில் வந்து நின்று, 'சாமி, சாப்டியா' என்று கேட்டுவிட்டு, என் மகளின் வாழ்க்கையை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கிறான். எனக்குக் கால் நிமிஷம் கொடுத்துவிட்டு.

நான் சொன்னேன்: "உனக்கு அவன்தான் அப்பன்னு ஆயிருச்சில்ல, அவனையே தாரை வாத்துக் குடுக்கச் சொல்லிக்க. எனக்கு இனிப் போன் பண்ணாத."

கல்லூரித் தாழ்வாரத்தில், பிள்ளைகள் போய் வருகிற இடத்தில் நின்று, சத்தமாகத்தான் சொன்னேன். பிறகு வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். அன்றும் மாட்டுச் சந்தை உதாரணத்தைச் சொன்னேனா என்று நினைவில்லை.

விஷயம் வெளியே வந்தபோது எல்லாரும் நான் சாதிக்காக நின்றேன் என்று எடுத்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் சிலர் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்து, "புரபசரா இருந்தும் உட்டுக்குடுக்கலீங்களே" என்று மெச்சினார்கள். நானும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். என்னிடம் சாதி பார்க்கிற புத்தி இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருந்தது. ஆனால் பொறுமையாக யாராவது நாலு நாள் பேசியிருந்தால் நான் இறங்கி வந்திருப்பேன். அன்று என் வாயைத் திறந்தது சாதி இல்லை. மகள் என்னைத் தேடவில்லை என்பதுதான் அந்த வார்த்தையைச் சொல்ல வைத்தது. சாதி வெறியன் என்ற பெயரைவிட அது சின்னப் பெயராக எனக்குப் பட்டது போல. அதனால் பெரிய பெயரையே வைத்துக்கொண்டேன்.

சகலை மஸ்கட்டிலிருந்து பேரீச்சம்பழத்தோடு வந்து இறங்கினார். மணி எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போல. நேராக என் வீட்டுக்கு வந்தார். சரசு அவரைப் பார்த்ததும் உடைந்து அழுதாள்.

"போனு வேலையே செய்யலீங்க அக்கா. எறங்குன நாளையிருந்து செத்துக் கெடந்துச்சு. கெளம்பற அன்னிக்கு ஒரு மலையாளத்துப் பையன் பாத்துட்டு, 'சேட்டா, இதை இப்படி மாத்தணும்'னு அமுத்திக் குடுத்தான். உடனே வந்திருச்சு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. "சகலை நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாருங்க. எனக்குத்தான் மண்டைல ஏறல. பத்தாவது பெயிலானவனுக்கு இந்தப் போனெல்லாம் எதுக்கு?" என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரியவில்லையா என்பதை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. 'இல்லை சகலை, நான் சொல்லவில்லை' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொட்டையை நீக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே ஆத்தூர் கிளம்பினார். "நீங்க ஒரு வார்த்தையும் பேச வேண்டாமுங்க சகலை. கூட மட்டும் வாங்க. பொண்ணோட அப்பன் வந்திருக்கறாருன்னு அவியளுக்குத் தெரிஞ்சாப் போதும்." நான் போகவில்லை. அவர் தனியாகப் போனார். அவர்கள் பேச்சு வேறு மாதிரி, இவர் பேச்சு வேறு மாதிரி. ஆளுக்கு ஆள் 'என்ன சொல்றீங்க?' என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்களாம். எப்படியோ பேசி முடித்துவிட்டார்.

கல்யாணம் அமெரிக்காவில் ஒரு கோவிலில். சகலை, மணி, சரசு மூன்று பேரும் போனார்கள். நான் காய்ச்சல் என்று சொன்னேன். முகூர்த்த நாளன்று சரசு இல்லாத வீட்டில் இருக்க முடியாமல் மாமனார் ஊருக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கே என் போனுக்கு இரண்டு கோடு வரும். அடித்தது. சகலையின் எண்.

"சகலை, போனை வெச்சுராதீங்க. பேச வேண்டாம். சும்மா கேளுங்க."

கையைத் தூக்கிப் பிடித்திருப்பார் போல. தூரத்தில் டேப்பில் மேளம், யாரோ இங்கிலீஷில் சிரிக்கிறார்கள், ஐயர் மந்திரம், நடுவில் சரசுவின் தும்மல். அவள் தும்மல் எனக்குத் தெரியும். கெட்டிமேளம் வந்தது. ஓய்ந்தது. என் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தது அவர்தான், நான் சொல்லியிருந்தபடியே. ஒரு கையால் வார்த்தாரா, போனை யாரிடம் கொடுத்தார் என்று தெரியவில்லை. நான் காதைவிட்டு எடுக்கவில்லை. அழுதேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இதுதான்: பார், இவன் போன் அங்கேயும் எடுக்கிறது.

காலம் போயிற்று. பேத்தி பிறந்தாள். கவிதா நாலைந்து முறை வந்து போனாள். காலைத் தொட்டுக் கும்பிடுவாள், சோறு பரிமாறுவாள், இளங்கோவும் 'மாமா' என்று மரியாதையாகப் பேசுவான். ஒரு குறையும் சொல்ல முடியாது. சண்டை போடுகிற பிள்ளையோடாவது சமாதானம் ஆகலாம். மரியாதையாக நடத்துகிற பிள்ளையை என்ன செய்வது?

சகலை போன அன்று அவளால் வர முடியவில்லை. போனில் முகத்தோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் என்னமோ ஆறுதல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "அன்னிக்குச் சித்தப்பா போன் மட்டும் கெடச்சிருந்தா நான் உங்களுக்குக் கூப்புட்டே இருக்கமாட்டேன்ப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை நினைத்துப் பார்ப்பதுபோல் சொன்னாள். "அவரு சாகற வரைக்கும் அதுக்கு எங்கிட்ட வருத்தப்பட்டுட்டே இருந்தாரு. 'எனக்கு அந்தப் பொத்தான அமுத்தத் தெரியல சாமி'ம்பாரு."

அப்போதும் நான் சொல்லவில்லை. சரசுவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். இதை அச்சில் பார்த்துத்தான் கவிதா தெரிந்துகொள்ளப்போகிறாள். போனில் சொல்லத் துப்பில்லாதவன் எழுதித்தானே ஆக வேண்டும்.

இப்போது போனில் வகை கிடையாது. எல்லாப் போனும் எல்லாப் பேச்சும் பேசும். இந்த நாட்டில் சி.டி.எம்.ஏ. கோபுரங்களை அணைத்து வெகு காலமாகிறது. மலைக்குப் பின்னால் என் படுக்கையில் படுத்துக்கொண்டே பேசலாம். ரிங் விட்டுக் கட் பண்ணுகிறவர்கள் யாரும் இல்லை. காசு போகிற பயம் போனதும் அதுவும் போய்விட்டது. 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்று சொல்லும் அந்தப் பெண் குரலைக்கூட அபூர்வமாகத்தான் கேட்கிறேன். பழி போட எனக்கு மலையும் இல்லை, கோபுரமும் இல்லை. கவிதா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாள். "நல்லா இருக்கீங்களாப்பா? அம்மாகிட்டக் குடுங்க" என்கிறாள். எந்தக் கார்டும் தீர்வதில்லை. எனக்கு அதே கால் நிமிஷம்தான்.

நேற்று அட்டையில் இருந்த சார்ஜர்களில் பொருந்துகிற ஒன்றைத் தேடி எடுத்து அந்தப் போனைச் சார்ஜில் போட்டேன். சாயங்காலம் உயிர் வந்தது. கை தானாகப் பட்டியலுக்குள் போயிற்று. அன்று என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த வரி அங்கேயே இருந்தது. ஜி.எஸ்.எம். என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அணைத்துப் போட்டேன்.

போன் எழும்போதும், சகலை இடுப்பில் அடிக்கிற அதே சின்னப் பாட்டைப் போடும். நான் அதை மறந்தே போயிருந்தேன். சமையலறையில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. சரசு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தலையைக் கோதியபடி, இந்த வயதில் அவளால் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக வாசலுக்கு வந்தாள். தெருமுனையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

என் கையில் போன் கோபுரத்தைத் தேடிக்கொண்டிருந்தது.